செய்திக் குறிப்போடு போகும் படம்: எங்கே சறுக்குகிறோம்?

நிறுவனத்திலிருந்து பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக் குறிப்பை நான்கு முறை திருத்துகிறவர்கள்கூட, அதனுடன் போக வேண்டிய படத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் தேடுகிறார்கள். உங்களைத் தொலைபேசியில் அழைத்து எதையும் கேட்காமலே, பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருப்பவர் படத்தைப் பக்கத்தில் வைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த இடம் வேறொருவரின் படத்துக்குப் போய்விடும்.

பல நல்ல படங்கள் அனுப்பும் விதத்திலேயே கெடுகின்றன. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். கோப்புக்குள் பதிந்திருக்கும் தேதி, எடுத்தவர் பெயர் போன்ற விவரங்களும் அழிந்துபோகும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் தனிக் கோப்பாக இணையுங்கள். வேர்டு பக்கத்தில் ஒட்டுவதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதும் வேண்டவே வேண்டாம். நல்ல தாளில் அச்சிட அங்குலத்துக்கு 300 பிக்சல் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளி) என்பது கணக்கு. அப்படியானால் 20 செ.மீ. அகலத்துக்குச் சுமார் 2,360 பிக்சல் தேவை. 800 பிக்சல் படம் 7 செ.மீ.யைக்கூட எட்டாது. படம் திருத்தும் மென்பொருளில் அங்குலத்துக்கு 72 பிக்சல் என்றிருப்பதை 300 என்று மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். எண்தான் மாறும், படத்தில் இருக்கும் பிக்சல் அதிகமாகாது.

அடுத்தது படக்குறிப்பு. ‘புதிய பிரிவு தொடக்க விழா’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், படத்திலிருக்கும் ஐந்து பேரில் தலைவர் யார் என்று எப்படித் தெரியும்? இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் பெயர், பொறுப்பு, அவர்கள் செய்துகொண்டிருக்கும் காரியம், இடம், தேதி, படம் எடுத்தவர் எல்லாம் வேண்டும். பெயரின் எழுத்து, செய்திக் குறிப்பில் உள்ளபடியே இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் எது சரி என்ற சந்தேகம் வந்துவிடும். கேமரா தந்த எண்ணைக் கோப்புப் பெயராக விட்டுவிடாதீர்கள்.

பன்னிரண்டு பேரை வரிசையாக நிறுத்தி எடுப்பது யாருக்கும் மனவருத்தம் வராமலிருக்க. ஆனால் 12 செ.மீ. அகலத்தில் அது அச்சானால் ஆளுக்கு ஒரு செ.மீ., முகத்துக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. புதிய இயந்திரம் பற்றிய செய்தியென்றால், அதை இயக்குபவரின் கையும் முகமும் தெரிய எடுங்கள். ஆள் இரண்டு மூன்று போதும். ஓரங்களில் கொஞ்சம் இடம் விட்டு, கிடைமட்டமாக ஒன்று, செங்குத்தாக ஒன்று எடுத்தால் பக்கத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்வார்கள்.

வெளிச்சத்தையும் நிறத்தையும் அளவாகச் சரிசெய்யலாம். ஆளைச் சேர்ப்பது, நீக்குவது, இரண்டு படங்களை ஒட்டுவது கூடவே கூடாது. 2024 மார்ச் 10 அன்று பிரிட்டனின் கென்சிங்டன் அரண்மனை, இளவரசி கேத்ரின் தன் மூன்று குழந்தைகளோடு இருக்கும் படத்தை வெளியிட்டது. மகள் சார்லட்டின் சட்டைக் கை விளிம்பு பொருந்தாமல் இருந்தது. ஏ.பி., ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி., கெட்டி ஆகிய செய்தி, பட நிறுவனங்கள் அன்றே படத்தைத் திரும்பப் பெற்றன. மறுநாள் இளவரசி மன்னிப்புக் கேட்டார். குடும்பப் படத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு நிறுவனத்தின் படத்தில் ஒட்டுவேலை தெரிந்தால் அடுத்து அனுப்பும் எதை நம்புவார்கள்?

புகைப்படக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டாலே எல்லா உரிமையும் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்தலாம், ஊடகங்கள் மறுபிரசுரம் செய்யலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். படத்தில் குழந்தைகள் இருந்தால் பெற்றோரின் கையெழுத்தும் தேவை. அந்தச் சம்மதக் கடிதங்களைப் படம் இருக்கும் ஃபோல்டரிலேயே, படத்தின் பெயரிலேயே சேமித்து வையுங்கள்; இரண்டு வருடம் கழித்து வேறொருவர் அதே படத்தை எடுக்கும்போது அவருக்குக் கண்ணில் படும்.