முக நரம்பு வலிக்குப் போட்டாக்ஸ் ஊசி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்னும் முக நரம்பு வலிக்குப் போட்டுலினம் நச்சு (போட்டாக்ஸ்) ஊசி போடக் கற்றுக்கொள்ளும் இளம் மருத்துவர்கள், எங்கள் தலைமுறையின் பிழைகளையே மறுபடி செய்வதைப் பெங்களூரில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். கையுறை, கிருமிநீக்கம் பற்றி அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஊசி போட்ட அன்றே மாத்திரையை நிறுத்துவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். இந்த ஊசி மருந்து நரம்பு முனைகளில் உள்ள ஸ்னாப்-25 என்னும் புரதத்தை வெட்டி, வலியைக் கடத்தும் வேதிப்பொருள்கள் வெளியாகாமல் தடுக்கிறது. அதன் பலன் தெரியப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை நோயாளிக்குத் துணை, இந்த வலிக்காக ஏற்கெனவே சாப்பிட்டுவரும் கார்பமாசெபின் அல்லது ஆக்ஸ்கார்பசெபின் மாத்திரைதான். ஓசூரிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு வேறோர் இடத்தில் ஊசி போட்டு, "இனி மாத்திரை வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சில நாள்களிலேயே கரண்ட் அடித்ததுபோல் வலி திரும்பிவிட்டது. ஊசி பலிக்கவில்லை, கோளாறு பல்லில்தான் என்று முடிவுகட்டி, நல்ல கடைவாய்ப்பல் ஒன்றையும் பிடுங்கிக்கொண்ட பிறகே என்னிடம் வந்தார். வலிக்கும் இடத்தைக் காட்டச் சொன்னபோது, மேலுதட்டைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளியே விரலை நிறுத்தினார். சேலைத் தலைப்பு கன்னத்தில் உரசாதபடி மறுகையால் பிடித்திருந்தார். விலை உயர்ந்த மருந்து, பல், நம்பிக்கை மூன்றும் ஒரு வாய்வார்த்தையால் போயின. பலன் உறுதியான பிறகே, மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தசைக்குள் ஆழமாகக் குத்துவது

முகச்சுருக்கத்துக்கு ஊசி போட்டுப் பழகிய கை இதைச் செய்யும். இங்கே மருந்து தோலுக்குள்ளோ சற்றுக் கீழோ, நோயாளி காட்டும் பரப்பில், புள்ளிக்குச் சுமார் 2.5 முதல் 5 யூனிட் வரை சேர வேண்டும். ஆழம் போனால் கன்னத் தசை தளர்ந்து வாய் கோணும். அது தானாகச் சரியாகக்கூடியதுதான் என்றாலும், முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பக்கவாதம் என்றே வீட்டார் அஞ்சுவார்கள்.

எம்ஆர்ஐ பார்க்காமல் தொடங்குவது

நரம்பை அழுத்தும் கட்டியும், நரம்புகளின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோயும் இதே வலியைத் தரும்.

பிராண்டு மாறியும் அதே யூனிட் கணக்கு

கூடவே கூடாது; ஒரு பிராண்டின் யூனிட் இன்னொன்றின் யூனிட்டுக்குச் சமமல்ல.

அவசரமாக மறு ஊசி

பலன் ஏறத்தாழ மூன்று மாதம் நிற்கும். 12 வாரங்களுக்கு முன்பே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தால், உடலில் எதிர்ப்பொருள் உருவாகி மருந்து வேலை செய்யாமலே போகலாம் என்பதால், நோயாளி எவ்வளவு வற்புறுத்தினாலும் நான் தேதியை முன்னே கொண்டுவருவதில்லை.