மனை வாங்கும் முன் வெள்ள மட்டத்தை அளப்பது எப்படி: சென்னைக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் மனை வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்று, பட்டா, மூலப் பத்திரம் எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டிச் சரிபார்க்கிறார்கள். நிலம் எவ்வளவு தாழ்வு என்பதை மட்டும் அளப்பதில்லை. இரண்டு மூன்று நாள் வேலைதான். முன்பணம் கொடுக்கும் முன்பே செய்துவிடுங்கள்.

நிலம் எந்த வகை என்று சொல்லும் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் தொடங்குங்கள். தமிழக அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் விவரம் வரும். லேஅவுட் போட்டபின் எண் மாறியிருக்கலாம் என்பதால் மூலப் பத்திரத்தில் உள்ள பழைய எண்ணையும் தேடுங்கள். ஏரி, குட்டை, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால் அந்த மனையை அத்தோடு விட்டுவிடுங்கள். பலர் கோட்டை விடுவது 'நஞ்சை' என்ற சொல்லில். பட்டா சுத்தமாக இருக்கும், வழக்கும் இருக்காது. ஆனால் இந்தப் பகுதியில் நஞ்சை என்றால் பெரும்பாலும் ஏதோ ஓர் ஏரியின் ஆயக்கட்டு. மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வந்து பாயும்படி, ஏரிக்குக் கீழே தாழ்ந்து கிடந்த நிலம். நெல் போய் வீடு வந்தாலும் அந்தச் சரிவு அப்படியேதான் இருக்கிறது.

சுற்றியுள்ள சர்வே எண்களின் புலப்படங்களையும் (நில அளவை வரைபடங்கள்) எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். படத்தில் வாய்க்கால் இருக்கும் இடத்தில் இன்று தெருவோ காம்பவுண்டுச் சுவரோ நின்றால், கனமழைத் தண்ணீர் அந்தப் பழைய வழியைத்தான் தேடி வரும். ஊர்ப்பெயரும் துப்புக் கொடுக்கும். தாங்கல் என்றால் சிறிய ஏரி: பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை.

கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பார்க்கும்போது டிசம்பர், ஜனவரி மாதப் படங்களையே தேர்ந்தெடுங்கள். மே மாதப் படத்தில் ஏரியும் விளையாட்டு மைதானம் போலத் தெரியும்.

அடுத்து, எந்தத் தண்ணீர் வரும் என்று தெரிய வேண்டும். அடையாற்றங்கரையில் ஆபத்து சட்டென்று ஏறும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்டது. அதோடு வழியில் உள்ள ஏரிகளின் உபரியும் சேர்ந்தது. பள்ளிக்கரணைப் பக்கம் கதை வேறு. அங்கே தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு முகத்துவாரத்தில்தான் கடலைச் சேரும். கடல் ஏறி நிற்கும்போது வடிவது மந்தமாகும், தேங்கியது நாள்கணக்கில் நிற்கும். ஆகவே தெருவில் இஸ்திரிக்காரரிடமும் வாட்ச்மேனிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எவ்வளவு ஏறியது, எத்தனை நாள் நின்றது? 2015, 2023 இரண்டு வெள்ளத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பழைய வீடுகளில் மீட்டர் போர்டையும் பாருங்கள். போர்டு தலைக்கு மேலே இருந்து, இடுப்பு உயரத்தில் அடைத்த திருகாணி ஓட்டைகள் தெரிந்தால் ஒருமுறை அங்கே தண்ணீர் வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

சுவரில் வெள்ளம் விட்டுப்போன கறை ஒன்று உறுதியானதும் அந்த மட்டத்தை மனைக்குக் கொண்டுவர வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும்: உள்ளிருக்கும் தண்ணீர் தெரியும் 20 மீட்டர் பிளாஸ்டிக் குழாய், தண்ணீர், இரண்டு பேர். ஒரு முனையின் நீர்மட்டம் கறையோடு பொருந்தும்படி பிடித்து, மறுமுனையை மனைப் பக்கம் கொண்டுபோங்கள். தண்ணீர் ஆடி நின்றதும் அங்கே ஒரு கம்பத்தில் குறியிட்டு, அதிலிருந்து தரைக்கு டேப் பிடியுங்கள். தூரம் அதிகமானால் குறியிலிருந்து குறிக்குத் தாவிப் போகலாம். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு தப்பும். அதனால் வாளியிலிருந்து மெதுவாக உறிஞ்சி நிரப்புங்கள். அளக்கும்போது இரு முனையையும் விரலால் மூடாமல் திறந்தே வைத்திருக்க வேண்டும். முடிந்ததும் தொடங்கிய இடத்துக்கே திரும்ப அளந்து வாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலிலிருந்து அளக்க வேண்டியதுதான்.

வீட்டுத் தரைமட்டத்தை ரோட்டிலிருந்து கணக்கிடாதீர்கள். சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டால் ஒவ்வொரு முறையும் ரோடு 3 முதல் 5 செ.மீ. உயரும், சில ஆண்டுகளில் வாசற்படி பள்ளமாகிவிடும். அளந்த வெள்ளக் குறிக்கு மேல் குறைந்தது ஓர் அடி உயரத்தில் வீட்டுத் தரையை வையுங்கள். குறியே மனையின் நிலத்திலிருந்து நான்கடிக்கு மேல் இருந்தால் அந்த மனை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அவ்வளவு உயரம் மண் நிரப்பினால் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீரைத் தள்ளுவதாகிவிடும். கட்டட இடிபாட்டைக் கொட்டி ஒரே மூச்சில் மேடாக்கினால் மழையில் தரை அமுங்கி டைல்ஸ் வெடிக்கும். அரையடி, முக்காலடி அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும்.

கட்டிய வீடாக இருந்தால் சாக்கடை மேன்ஹோலின் மூடி மட்டத்தைப் பாருங்கள். உங்கள் கழிவறைப் பீங்கான் அதைவிடத் தாழ்வாக இருந்தால், தெருவில் தண்ணீர் ஏறும் முன்பே சாக்கடை உள்ளே எதிர்த்து வரும். கடைசி சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வு (கழிவை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுப்பது) போட்டுக்கொள்ளுங்கள். வால்வு மூடியிருக்கும் வரை உங்கள் கழிவும் வெளியே போகாது, அந்த நேரத்தில் ஃபிளஷ் செய்யக்கூடாது. சம்ப்பின் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) வாயை வெள்ளக் குறிக்கு மேல் உயர்த்தியவர்களும் அதன் காற்றுக்குழாயையும் ஓவர்ஃப்ளோ குழாயையும் கீழேயே விட்டுவிடுகிறார்கள். குடிதண்ணீரில் சாக்கடை கலப்பது அந்த ஒன்றரை அங்குலக் குழாய் வழியாகத்தான்.