கொக்குவில் டிஸ்க், வவுனியா லப்டொப்

கலியாணப் படங்கள் எல்லாம் கொக்குவில் வீட்டுக் கணினியில 4 டெராபைட் டிஸ்கில கிடக்குது. தம்பி வவுனியாவில இருந்து அதைத் திறக்க வேணும். அவசரத்தில ரவுட்டரில, கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட்டை (இணைய வாசலை) வெளியில திறந்துவிட்டன். அடுத்தநாள் சம்பா எண்ட கோப்புப் பகிர்வு மென்பொருளின்ர பதிவைப் பார்த்தால், தெரியாத முகவரிகளில இருந்து வரிசையாக் கடவுச்சொல் முயற்சிகள். 2017இல வானாக்ரை எண்ட கப்பம் கேக்கிற தீம்பொருள் பரவினதும் இந்த வாசலாலதான். தெரிஞ்சும் செய்தன், என்னத்தைச் சொல்ல!

உடன அதைப் பூட்டிட்டு வயர்கார்ட் எண்ட விபிஎன் (ரெண்டு கணினிக்கும் இடையில பூட்டின தனிவழி) போட்டன். வெளியில திறந்தது அதின்ர யுடிபி 51820 போர்ட் மட்டும். சாவி பொருந்தாத ஆளுக்கு அது பதிலே சொல்லாது. சம்பாவிலயும் அந்தத் தனிவழியின்ர உள்வலை முகவரிகளுக்கு மட்டும் அனுமதி.

பிறகுதான் இழுபறி. கோப்புப் பட்டியல் வருது, படத்தைத் திறந்தால் அப்பிடியே நிக்குது. ரெண்டு இரவு கடவுச்சொல்லையும் அனுமதிகளையும் நோண்டினன். பிழை அங்க இல்லை. தம்பியின்ர டொங்கிள் இணைப்பில பெரிய பக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) வழியிலயே விழுந்துபோகுது. ரெண்டு பக்கமும் எம்டியுவை, அதாவது ஒரு பக்கெட்டின்ர உச்ச அளவை, 1420 பைட்டில இருந்து 1280 ஆக்கினன். படம் திறந்திட்டுது.

இப்ப கொப்பி எடுத்துத்தான் வேலை செய்யச் சொல்லியிருக்கிறன். இங்க கரண்ட் போனால், பாதியில சேமிச்ச கோப்புக்கு ஆர் பொறுப்பு?