கிளட்ச் மாத்துறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்: கியர்பாக்ஸ ரெண்டாவது தடவ எறக்க வச்சிடாதீங்க

பினாங்குல இன்னமும் மேனுவல் கியர் காடி ஓட்டுற நம்ம ஆளுங்க நெறைய இருக்காங்க, பழைய கஞ்சில், இஸ்வாரா காருங்க, சாமான் ஏத்துற வேன், பிறை பக்கம் ஓடுற சின்ன லோரி. பாயா தெருபோங்லேர்ந்து பாலிக் புலாவ் போற மலை ரோடும், காலையில பாலத்துல ஊர்ந்து போற ஜாமும் சேர்ந்து கிளட்ச சீக்கிரம் தேச்சுடும். தேயுறது தப்பில்ல, அது தேயுறதுக்குன்னே செஞ்ச சாமான். ஆனா அத மாத்தணும்னா கியர்பாக்ஸ எறக்கணும், வேலையும் கூலியும் பெரும்பாலும் அங்கதான் போகுது. கீழ சொல்ற தவறுல முக்காவாசி அந்த கியர்பாக்ஸ மறுபடி எறக்க வச்சிடும்.

முதல்ல, போனது கிளட்ச் பிளேட்டுதானான்னு (என்ஜினோட சுத்த கியர்பாக்ஸுக்குக் கடத்துற, தேயுற தட்டு) பாருங்க. கியர் விழ மாட்டேங்குது, ரிவர்ஸ் போட்டா கரகரன்னு சத்தம் போடுதுன்னா நிறைய பேரு உடனே கிளட்ச் செட் (பிளேட், கவர், ரிலீஸ் பேரிங் மூணும் சேர்ந்தது) வாங்க ஓடுறாங்க, ஆனா அது கேபிள் இழுபட்டதா இருக்கலாம், ஆயில்ல வேலை செய்யுற கிளட்ச்னா பெடல் பக்கம் இருக்குற மேல் பம்ப், கியர்பாக்ஸ் பக்கம் இருக்குற கீழ் பம்ப் ஒழுகுறதா இருக்கலாம், உள்ள காத்து பூந்திருக்கலாம். பிளேட் தேஞ்சா அடையாளம் வேற: மேட்டுல மிதிச்சா என்ஜின் மட்டும் உறுமும், வேகம் ஏறாது, கருகின வாடை வரும். சமதரையில, முன்னால ஆளில்லாத எடத்துல, ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்துட்டு மூணாவது கியர்ல மெதுவா கிளட்ச விட்டுப் பாருங்க, என்ஜின் நின்னுடணும், நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா பிளேட் வழுக்குது. ஒரு தடவ செஞ்சாப் போதும், திரும்பத் திரும்ப செஞ்சா மிச்சமும் கருகிடும். சத்தத்தையும் கவனிங்க. பெடல மிதிச்சா மட்டும் சத்தம் வருதுன்னா பெரும்பாலும் ரிலீஸ் பேரிங், அதாவது மிதிக்கிறப்ப கவர அழுத்தி கிளட்ச விடுவிக்கிற பேரிங். மிதிக்காதப்ப வந்து, மிதிச்சா நின்னு போகுதுன்னா அது பெரும்பாலும் கியர்பாக்ஸ் உள்ள இருக்குற பேரிங், கிளட்ச் செட் எத்தன மாத்தினாலும் அது போகாது.

அடுத்தது, பிளேட்ட மட்டும் மாத்தி காசு மிச்சம் பிடிக்கிறது. இதுதான் எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். பிளேட், அத என்ஜின் பக்கம் அழுத்திப் பிடிக்கிற கவர், ரிலீஸ் பேரிங் மூணும் ஒண்ணாத்தான் தேஞ்சிருக்கும், பேரிங்க விட்டுட்டு மூடினா கொஞ்ச நாள்ல அது கத்த ஆரம்பிக்கும், அப்ப திரும்ப கியர்பாக்ஸ எறக்கணும். பேரிங்க பெட்ரோல்ல கழுவி திரும்பப் போடுறதும் வேணாம், உள்ள இருக்குற கிரீஸ் போயிடும். என்ஜின் பின்னால இருக்குற கிராங்க் ஆயில் சீல், கியர்பாக்ஸ் முன்னால இருக்குற சீல் ரெண்டும் ஈரமா இருந்தா மாத்திடச் சொல்லுங்க, சீல் விலை கொஞ்சம்தான், புது பிளேட்டுல ஆயில் பட்டா அது திரும்பவும் வழுக்கும். ஃபிளைவீல்ல (பிளேட் ஒட்டி நிக்கிற என்ஜின் சக்கரம்) நீலத் திட்டு, மயிர்க்கோடு மாதிரி விரிசல் இருக்கான்னு பாக்கணும், லேசான திட்டுன்னா லேத்துல செதுக்கலாம், ஆழமா விரிசல் விட்டிருந்தா மாத்திடணும். சில டீசல் பிக்கப்புல வர்ற டூவல் மாஸ் ஃபிளைவீல (ரெண்டு துண்டா, நடுவுல ஸ்பிரிங்கோட வர்றது) செதுக்கச் சொல்லாதீங்க.

சாமான் வாங்குறப்ப மாடல் பேர மட்டும் சொல்லாதீங்க. கஞ்சில்லயே 660, 850 ரெண்டு என்ஜின் இருக்கு. பழைய பிளேட்டையும் புதுசையும் பக்கத்துல வச்சு விட்டத்தையும் நடுப்பல்லையும் பாருங்க, கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல ஏத்திப் பாத்து தடையில்லாம ஓடுதான்னும் பாத்துடுங்க.

மாட்டுறப்ப நடக்குற பெரிய தப்பு கியர்பாக்ஸ தொங்க விடுறது. ஷாஃப்ட் பிளேட்டுக்குள்ள பாதி நுழைஞ்சதும் அலுப்புல ஜாக்க எடுத்துடுறாங்க, அவ்ளோ எடையும் பிளேட்டோட நடுப்பகுதி மேல விழுந்து அது வளைஞ்சிடும். வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, அப்புறம் கியர் போட்டா ஒட்டிக்கும், விட்டா நடுங்கும். எல்லா போல்ட்டும் ஏறுற வரைக்கும் கியர்பாக்ஸுக்கு அடியில ஜாக் இருக்கணும், போல்ட்ட முறுக்கி இழுத்து கியர்பாக்ஸ உள்ள கொண்டு வரவும் கூடாது. பிளேட்டுல எந்தப் பக்கம் ஃபிளைவீலுக்குன்னு எழுதியிருக்கும், திருப்பி மாட்டினா கிளட்ச் விடவே விடாது. நடு சரியா நிக்க சென்டர் டூல் போட்டு, கவர் போல்ட்ட குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். ஷாஃப்ட் பல்லுல கிரீஸ் மெல்லிசாத் தடவினாப் போதும், அப்பிட்டா சுத்துறப்ப தெறிச்சு பிளேட்டுல ஒட்டும். கிரீஸ் கையோட பிளேட் முகத்தத் தொடாதீங்க.

உள்ள இருக்குற கறுப்புத் தூசிய கம்ப்ரஸர் காத்தால ஊதாதீங்க அண்ணே. பழைய பிளேட்டுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனா புற்றுநோய் வரைக்கும் போகும். ஈரத்துணியால தொடைங்க, இல்ல பிரேக் கிளீனர் அடிங்க, மாஸ்க் போடுங்க. வீட்ல செய்யுற தம்பிங்க வெறும் ஜாக்க நம்பி காடிக்கு அடியில படுக்காதீங்க, ஸ்டாண்டு கட்டாயம்.

எல்லாம் மூடினப்புறம் கேபிள் உள்ள காடின்னா பெடல் ஃப்ரீ ப்ளே (கிளட்ச்ல அழுத்தம் ஏறுறதுக்கு முன்னால பெடல் சும்மா போற தூரம்) காடியோட மேனுவல் புத்தகத்துல சொன்ன அளவுக்கு வைக்கச் சொல்லுங்க, அது இல்லாம இறுக்கமா இருந்தா பேரிங் எப்பவும் அழுந்திக்கிட்டே இருக்கும், புது பிளேட்டும் வழுக்கும். சக்கரத்துக்குப் போற டிரைவ் ஷாஃப்ட் கழட்டினப்ப கொட்டுன கியர் ஆயில திரும்ப அளவு பாத்து ஊத்துனாங்களான்னு கேளுங்க, இத மறந்து கியர்பாக்ஸயே கெடுத்தவங்க இருக்காங்க.

முதல் 500 கிலோமீட்டர் மெதுவா ஓட்டுங்க, அந்த நாள்ல பாலிக் புலாவ் மேட்டுல முழுச் சுமையோட ஏத்தாதீங்க, ஜாம்ல பாதி கிளட்ச்ல நிறுத்தாம ஹேண்ட் பிரேக் போடுங்க. ஒரு வாரம் கழிச்சு ஃப்ரீ ப்ளேய திரும்பப் பாருங்க, காடி நின்ன எடத்துல ஆயில் சொட்டு இருக்கான்னும் பாருங்க. கிளம்புறப்ப இன்னும் நடுங்குச்சுன்னா மறுபடி கியர்பாக்ஸ எறக்கச் சொல்றதுக்கு முன்னால என்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிஞ்சிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, பழைய காடியில அதாலயும் அதே மாதிரி நடுங்கும்.