ஊரில் சிங்கிங் பவுல் வாங்குவோருக்கு, முக்கியமாகப் பாட்டியின் கும்பாவை எடுத்துவர நினைப்போருக்கு

தியானத்துக்கு ஒரு சிங்கிங் பவுல் வேண்டும், ஊருக்குப் போகும்போது மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விளிம்பில் கட்டையைச் சுற்றினால் பாடும் இந்தக் கிண்ணம் நம் பட்டறைகளின் மரபுப் பண்டம் அல்ல. கையால் அடித்தவை பெரும்பாலும் நேபாளத்திலிருந்து வருகின்றன. பளபளக்கும் வார்ப்புக் கிண்ணங்கள் முராதாபாத் போன்ற வடஇந்தியப் பித்தளை ஊர்களிலிருந்து வருகின்றன. சுவாமிமலையில் வார்ப்பது சிலை, நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கிண்ணம் விற்றால் நம்ப வேண்டாம்.

மாமல்லபுரம், புதுச்சேரி, திருவண்ணாமலைக் கடைகளில் கிடைக்கும். விலை சுற்றுலாக்காரருக்கு வைத்த விலை. மைசூர்ப் பக்கம் போகிறவர்கள் இன்னும் இரண்டு மணி நேரம் பயணம் செய்து பைலகுப்பே போவது மேல். குஷால்நகரை ஒட்டி 1961இல் தொடங்கிய திபெத்தியர் குடியிருப்பு அது. மடத்தை ஒட்டிய கடைகளில் பல கிண்ணங்களை வரிசையாகத் தட்டிப் பார்த்து வாங்கலாம். கையால் அடித்ததை எடை போட்டு விலை சொல்வது வழக்கம், ஆகவே தராசைக் கேளுங்கள். வாய் அகலம் 12 செ.மீ. உள்ளது சுமார் அரைக் கிலோ, 18 செ.மீ. உள்ளது ஏறக்குறைய ஒரு கிலோ. வீட்டில் தனியாக உட்கார்ந்து தியானிக்க 15 முதல் 18 செ.மீ. போதும்.

கிண்ணத்தை விரல்களால் பிடிக்காமல், விரித்த உள்ளங்கையில் வைத்து, துணியோ தோலோ சுற்றிய கட்டையால் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒருமுறை மெதுவாகத் தட்டுங்கள். ஒலி முழுதாக அடங்கும்வரை பேசாமல் இருங்கள். அதற்குள் கடைக்காரர் அடுத்த கிண்ணத்தைத் தட்டினால் நிறுத்தச் சொல்லுங்கள். நல்ல வெண்கலம் நடுத்தர அளவில் ஒரு நிமிடம்வரை நிற்கும். பித்தளை சீக்கிரம் செத்துப்போகும். ஒலி ஏறி இறங்கி அலையாக வருவது குறையல்ல. கையால் அடித்த சுவர் சரியான வட்டமாக இராததால், மிக நெருக்கமான இரண்டு சுரங்கள் சேர்ந்து அந்த அலையைத் தருகின்றன. அலை நிதானமாக இருந்தால் மூச்சோடு ஒட்டும். படபடவென்று அடித்தால் பத்தே நிமிடத்தில் தலை வலிக்கும், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

விளிம்பில் கட்டையைச் சுற்றும்போது சடசடவென்று சத்தம் வந்தால் உடனே கிண்ணத்தைக் குறை சொல்ல வேண்டாம். கட்டை துள்ளுகிறது என்று பொருள். இன்னும் அழுத்தி, இன்னும் மெதுவாகச் சுற்றுங்கள், அல்லது கனமான கட்டை கேளுங்கள். தட்டும்போதே கரகரப்பு கேட்டால் அது மயிரிழை விரிசல். கிண்ணத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் நகத்தால் சுண்டினால் ஓரிடம் மட்டும் மொட்டையாக ஒலிக்கும்.

ஏழு உலோகம், தங்கம் வெள்ளி கலந்தது என்ற பேச்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நல்ல கிண்ணம் ஏறக்குறைய 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம், அவ்வளவுதான். வெள்ளீயம் இவ்வளவு இருப்பதால்தான் கணீரென்று ஒலிக்கிறது. கல் தரையில் விழுந்தால் உடைவதும் அதனால்தான். இந்தக் கலவையைச் செஞ்சூட்டில் அடித்து, சூட்டோடு நீரில் அமிழ்த்தும் வேலை நமக்கு அந்நியமல்ல. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியின் இரும்புக்கால ஈமக்குழிகளிலும் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்களில் இதே நுட்பத்தை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சென்னையில் ஒரு நாள் இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆதிச்சநல்லூர்ப் பொருட்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இனி கும்பா. ஊர்வீட்டுப் பரணில் பாட்டி கூழ் குடித்த வெண்கலக் கும்பா இருக்க, கடையில் எதற்கு வாங்க வேண்டும் என்ற எண்ணம் போய்ச் சேர்ந்த சில நாட்களில் எல்லோருக்கும் வரும். தட்டினால் அதுவும் அருமையாக ஒலிக்கும். ஆனால் அடியில் வளையம் உண்டு, விளிம்பு வெளிப்பக்கம் வளைந்திருக்கும், கட்டை சுற்றிப் பாட வைப்பது கடினம். உள்ளே ஈயப் பூச்சு இருந்தால் அது பித்தளையாகவோ செம்பாகவோ இருக்கும், ஏனென்றால் வெண்கலத்துக்கு ஈயம் பூச வேண்டியதில்லை.

அதை வாய்விட்டுக் கேட்கும் முன் யோசியுங்கள். "இது உனக்குத்தான்" என்று பாட்டி சொல்லியிருக்கலாம். பழைய பாத்திரக்காரனிடம் எடைக்குப் போடாமல் இத்தனை வருடம் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தவர் சித்தி. பாட்டியைக் கடைசிவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். "எடுத்துக்கோப்பா, எனக்கு எதுக்கு" என்று அவர் சொல்வது சம்மதம் அல்ல. கும்பா கீழே இறங்கினால் பெரியப்பா மகன் உருளியைக் கேட்பார், அத்தைக்கு அண்டா நினைவு வரும், மாலைக்குள் நீங்கள் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கும் வீட்டுப் பத்திரம் பேச்சுக்கு வரும். பத்திரப் பேச்சு ஓடும் பயணத்தில் பாத்திரத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். சித்தியே தானாகக் கொண்டுவந்து கொடுத்தால், மற்றவர்கள் இருக்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

கொடுத்தாலும் விமானத்தில் ஏற்றுவது வேறு கதை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டும் அதற்கு மேலும் பழையதான பொருளைத் தனியார் யாரும் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. அது நம் வீட்டுப் பாத்திரம் என்பது அங்கே செல்லாது. "கொள்ளுப்பாட்டி சீதனம்" என்று சுங்க அதிகாரியிடம் பெருமையாகச் சொல்கிறவர் தன் வாயாலேயே அதன் வயதைச் சொல்லிவிடுகிறார். பழையதுபோல் தெரியும் எதற்கும் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று வாங்குங்கள். சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. பல பக்கத்திலிருந்து எடுத்த புகைப்படங்கள், உயரம், அகலம், எடை, அடையாள நகல் ஆகியவற்றோடு பொருளையும் கொண்டுபோக வேண்டும். எந்த நாளில் பார்ப்பார்கள், என்னென்ன தாள் வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்தின் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். பொங்கல் விடுமுறையை நடுவில் வைத்துக்கொண்டு கடைசி வாரத்தில் போனால் கும்பா ஊருக்கே திரும்பும், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையும் சித்தி தலையில்தான் விழும்.

கடையில் "நூறு வருடப் பழசு" என்று விற்கும் கிண்ணத்துக்கும் இதே கணக்கு. அது உண்மையானால் வெளியே கொண்டுபோக முடியாது, பொய்யானால் பணம் வீண். புதியதையே வாங்கி, புதியது என்றும் இன்ன உலோகம் என்றும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கிண்ணத்துக்குள் துணியை இறுக்கமாகத் திணித்து, துண்டில் சுற்றிக் கைப்பையில் மேலாக வையுங்கள். எக்ஸ்ரேயில் கனத்த உலோகமாகத் தெரிவதால் திறந்து காட்டச் சொல்வார்கள். கட்டையைத் தடி என்று எடுத்து வைத்துவிடக்கூடும், அதைப் பெட்டியில் போடுங்கள்.

விளிம்பு பாட வேண்டும் என்ற ஆசை இல்லாமல், தொடக்கத்தையும் முடிவையும் குறிக்க ஓர் ஒலி மட்டும் போதும் என்பவர்களுக்குக் கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் சேகண்டி, அதாவது கோயிலில் தட்டி ஒலிக்கும் வட்டத் தட்டு, கேட்கச் சொல்வேன். கயிற்றில் தொங்கவிட்டுத்தான் தட்டிப் பார்க்க வேண்டும், மேசையில் வைத்தால் ஒலி அமுங்கிவிடும். தட்டையாக இருப்பதால் பெட்டியில் இரண்டு புடவைகளுக்கு நடுவே அடங்கிவிடும்.