இண்டஸ்ட்ரியல் டிசைன் படிக்க ஆசையா? முதலில் ஒரு பேனாவைக் கழற்றுங்கள்

இண்டஸ்ட்ரியல் டிசைன், அதாவது தொழிற்சாலையில் தயாராகும் அன்றாடப் பொருள்களை வடிவமைக்கும் படிப்பு, படிக்க நினைப்பவர்களில் பலர் முதல் வேலையாக சாஃப்ட்வேர் கற்கக் கிளம்பிவிடுகிறார்கள். அது அப்புறம் வரட்டும். கையில் இருக்கும் சாதாரணப் பொருளை எடுத்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று குடைந்து குடைந்து கேட்கும் பழக்கம்தான் முதலில் வேண்டும்.

1950இல் வந்த பிக் கிரிஸ்டல் பால்பாயிண்ட் பேனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் அறுகோணமாக இருப்பதால் மேசையில் உருண்டு ஓடாது, விரலுக்கும் பிடி கிடைக்கும். மை எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும். நடுவில் குட்டி ஓட்டை இருக்கிறதே, அது உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தத்தைச் சமமாக வைக்க. மூடியின் நுனியில் உள்ள ஓட்டை 1991இல் வந்தது. யாராவது விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் கொஞ்சம் மூச்சு போய்வரட்டும் என்பதற்காக. அழகுக்காக என்று எதையும் சேர்க்கவில்லை, ஆனாலும் பேனா அழகாகத்தான் இருக்கிறது.

சரி, அடுத்து அது எப்படித் தயாரானது என்று பாருங்கள். ஓடாத பழைய ரிமோட் ஒன்றைத் திறந்து ஓரத்தில் விரலை ஓட்டினால் மெல்லிய கோடு தட்டுப்படும், உருக்கிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்க்கும் அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம் அது. உட்புறம் வட்ட வட்டமாகத் தடம் இருந்தால், அச்சிலிருந்து பொருளைத் தள்ளிய ஊசிகளின் வேலை. சுவர்களும் லேசாகச் சரிந்திருக்கும். நேர் செங்குத்தாக இருந்தால் அச்சை விட்டுக் கழன்று வர மறுக்கும். ஒரே இடத்தில் பிளாஸ்டிக்கைத் தடிமனாக்கினால் ஆறும்போது மேலே குழி விழும் என்பதால்தான் உள்ளே மெல்லிய ரிப்புகளை (தடுப்பு போன்ற பட்டைகளை) வைத்து வலுவூட்டுகிறார்கள். இதெல்லாம் தெரியாமல் திரையில் அழகாக வரைந்து என்ன பயன்?

பெட்டியில் அடுக்குவதும் டிசைன்தான். மரச்சாமான் நிறுவனமான தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலி, 1859இல் வந்தது, ஆறு மரத்துண்டுகள், பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு. பிரித்து வைத்தால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின.

அப்புறம் மனிதர்களைக் கவனியுங்கள். கேட்டால் எல்லாரும் "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள், ஆனால் மூடியைத் திறக்கும்போது பல்லால் கடிப்பார்கள். மூட்டுவலியால் மனைவி தோல் சீவச் சிரமப்படுவதைப் பார்த்த சாம் ஃபார்பர், 1990இல் தடித்த ரப்பர் பிடியுடன் ஆக்ஸோ சமையல் கருவிகளைக் கொண்டுவந்தார். வலி இல்லாதவர்களும் அதையே வாங்கினார்கள்.

இனி நீங்கள் ஒன்றைச் செய்யுங்கள். அட்டை, பசை, கத்தி போதும். நிஜ அளவில் செய்து, எதுவும் விளக்காமல் வேறொருவர் கையில் கொடுங்கள். தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்ப வெட்டுங்கள். கல்லூரிக்கு போர்ட்ஃபோலியோ (உங்கள் வேலைகளின் தொகுப்பு) அனுப்பும்போது பளபளப்பான கடைசிப் படத்தோடு, சரிவராமல் போன அட்டை மாதிரிகளின் படங்களையும் வையுங்கள், ஒவ்வொன்றையும் ஏன் கைவிட்டீர்கள் என்று ஒரு வரியோடு.