கேஸ் ரிப்போர்ட் எழுதுவது எப்படி: நோயாளி வார்டில் இருக்கும்போதே தொடங்க வேண்டிய வேலை

போதனா மருத்துவமனை வார்டில் அபூர்வமான நோயாளி ஒருவர் இருக்கும் வரை ரவுண்ட்ஸில் எல்லோரும் அவரைப் பற்றித்தான் பேசுவார்கள். அவர் டிஸ்சார்ஜ் ஆகி ஆறு மாதம் போன பிறகு யாராவது கேஸ் ரிப்போர்ட், அதாவது ஒரு நோயாளியின் நோயையும் சிகிச்சையையும் விவரிக்கும் மருத்துவ இதழ்க் கட்டுரை, எழுத உட்காருவார்கள். அதற்குள் ஆய்வகம் ரத்த மாதிரியைக் கொட்டியிருக்கும், கேஸ் ஷீட் எம்.ஆர்.டி. (மருத்துவப் பதிவேட்டுத் துறை) கட்டுகளுக்குள் போயிருக்கும், கொடுத்த கைப்பேசி எண்ணில் யாரும் எடுக்க மாட்டார்கள். இதழ்களிலிருந்து திரும்பி வரும் கேஸ் ரிப்போர்ட்டுகளில் பலவற்றுக்கு மொழி காரணம் இல்லை. நோயாளி கட்டிலில் இருந்தபோது எடுத்து வைக்க வேண்டியதை எடுத்து வைக்காததுதான் காரணம்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை நோயாளியை வைத்துக்கொள்வோம். உண்ணும் கிழங்கு என்று நினைத்துச் செங்காந்தள் கிழங்கை அவித்துத் தின்றுவிட்டு, வாந்தி வயிற்றுப்போக்கோடு அவசரப் பிரிவுக்கு வருகிறார். அந்தக் கிழங்கில் உள்ள கோல்கிசின், செல்கள் பிரிவதைத் தடுக்கும் நஞ்சு. வேகமாகப் பிரியும் செல்கள்தான் அதில் அதிகம் அடிபடும்: குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர். முதல் நாள் வயிற்றுப்போக்கு. இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரம் வரை ரத்த அணுக்கள் சரியும்; சிறுநீரகம், இதயம், கல்லீரல் பாதிக்கலாம். பிழைத்தவருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து முடி கொட்டும்.

எழுதத் தகுந்ததா?

அபூர்வம் என்பது மட்டும் போதாது. செங்காந்தள் நஞ்சு பற்றித் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏற்கெனவே பல ரிப்போர்ட்டுகள் வந்துவிட்டன. "எங்களிடமும் ஒருவர் வந்தார்" என்று எழுதினால் இதழின் ஆசிரியர் குழு முதல் பார்வையிலேயே திருப்பிவிடும். ஆனால் இதே நோயாளிக்குப் பிளேட்லெட் இறங்கியதைப் பார்த்து டெங்கு என்று இரண்டு நாள் சிகிச்சை நடந்து, மூன்றாம் நாள் உறவினர் கிழங்கைப் பற்றிச் சொன்ன பிறகுதான் விஷயம் பிடிபட்டது என்றால், அதில் பாடம் இருக்கிறது. இதைப் படிக்கும் மருத்துவர் நாளைக் காலை எதை வேறு விதமாகக் கேட்பார் அல்லது செய்வார்? ஒரே வாக்கியத்தில் இதற்குப் பதில் எழுத முடிந்தால் மேலே போகலாம். முடியாவிட்டால் துறைக் கூட்டத்தில் விவாதித்துவிட்டு விட்டுவிடுவது நல்லது.

சிலரைப் பற்றிய குறிப்பே மருத்துவத்தை மாற்றியதற்குச் சான்றுகள் உண்டு. பம்பாய் ரத்த வகையை 1952-இல் பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் லான்செட் மருத்துவ இதழில் அறிவித்தபோது, அவர்கள் கையில் இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் ரத்தம்தான். எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிவிப்பு, 1981 ஜூன் 5 அன்று அமெரிக்காவில் வெளியான, லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து ஆண்களுக்கு வந்த நிமோனியா பற்றிய சிறு குறிப்பு. இரண்டிலும், வழக்கத்துக்கு மாறானதை அளந்து, சோதித்து எழுதி வைத்தது பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டது.

முன்பு வந்தவற்றைத் தேட ஒரு மாலை ஒதுக்குங்கள். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தாவரத்தின் அறிவியல் பெயர், நஞ்சின் பெயர், முக்கிய அறிகுறி மூன்றையும் தனித்தனியாகவும் சேர்த்தும் போட்டுத் தேடுங்கள். கட்டுரை வகையில் கேஸ் ரிப்போர்ட் மட்டும் வருமாறு வடிகட்டிப் பாருங்கள். எந்தத் தளத்தில், எந்தச் சொற்களால், எந்தத் தேதியில் தேடினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். "உலகிலேயே முதல்" என்று எழுதும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். "இன்ன தேதி வரை இன்ன தளத்தில் தேடியதில் வேறொன்று கிடைக்கவில்லை" என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கியம்.

வார்டில் சேகரிக்க வேண்டியவை

முதல் வேலை காலவரிசை அட்டவணை. அதன் பூஜ்யம் மருத்துவமனையில் சேர்ந்த நேரம் அல்ல, கிழங்கைத் தின்ற நேரம். "சேர்ந்த இரண்டாம் நாள்" என்று எழுதினால், தின்று 30 மணி நேரமா 70 மணி நேரமா என்று படிப்பவருக்குத் தெரியாது. நஞ்சின் போக்கு முழுவதும் அந்த மணிக்கணக்கில்தான் இருக்கிறது. மருந்தின் பக்கவிளைவு என்றால் முதல் மாத்திரை விழுங்கிய நேரம் பூஜ்யம். தொற்று என்றால் முதல் அறிகுறி தோன்றிய நாள்.

ஆய்வக முடிவுகளை அளவு அலகோடும், உங்கள் ஆய்வகத்தின் இயல்பு எல்லையோடும் தினமும் ஏற்றுங்கள். இயல்பாக இருந்தவற்றையும் விடாதீர்கள். நம் உதாரணத்தில் வெள்ளையணுக்கள் முதல் நாள் ஏறி, பிறகு சரிந்து, தேறும்போது மறுபடி தாவி ஏறும். சேர்ந்த அன்றும் வீட்டுக்குப் போன அன்றும் எடுத்த இரண்டு எண்களை மட்டும் போட்டால் இரண்டுமே உயர்வாகத் தெரியும். மஜ்ஜை ஒடுங்கிய நடுப்பகுதி காணாமல் போகும். ரிப்போர்ட்டின் உயிரே அந்த நடுப்பகுதிதான்.

ரத்தத்தில் கோல்கிசின் அளவு பார்க்கும் வசதி பெரும்பாலான மருத்துவமனைகளில் கிடையாது. ஆகவே மீதமிருக்கும் கிழங்குதான் ஆதாரம். உறவினரிடம் செடியோடும் பூவோடும் கொண்டுவரச் சொல்லுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கலப்பைபோல இரண்டு கையாகப் பிரிந்த வடிவம் படத்தில் தெளிவாக விழ வேண்டும். அருகில் உள்ள தாவரவியல் துறையிலோ வேளாண் கல்லூரியிலோ காட்டி எழுத்தில் அடையாளம் பெறுங்கள். நஞ்சு கேஸ் என்பதால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு இருக்கும். இரைப்பைக் கழுவல் நீர் போன்ற சட்டப்பூர்வ மாதிரிகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும் வழியில்தான் போக வேண்டும். ஆராய்ச்சிக்கென்று அதில் கைவைக்கக் கூடாது.

ரத்தப் பூச்சு, மஜ்ஜை ஸ்லைடுகளைத் தனியாக எடுத்து வைக்கும்படி நோய்க்குறியியல் துறையிடம் அன்றே சொல்லிவிடுங்கள். மருந்துகளைப் பொதுப் பெயர், அளவு, கொடுத்த வழி, எத்தனை நாள் என்று நான்கோடும் குறியுங்கள். "சப்போர்ட்டிவ் சிகிச்சை தரப்பட்டது" என்ற வரியால் யாருக்கும் பயனில்லை.

மறுபரிசோதனைத் தேதிகளையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பத்தாம் நாள் வீட்டுக்குப் போனவருக்குப் பதினைந்தாம் நாள் முடி கொட்டினால், அவரைத் திரும்ப வரவழைக்காத ரிப்போர்ட்டில் அது இருக்காது. நோயாளியின் எண்ணோடு உறவினர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள்.

ஒப்புதல்

சேரும்போது வாங்கிய சிகிச்சை ஒப்புதல் வேறு, வெளியிடுவதற்கான ஒப்புதல் வேறு. இரண்டாவதை டிஸ்சார்ஜுக்கு முன்பு, அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், அவருக்குப் புரியும் மொழியில் வாங்க வேண்டும். படிவத்தின் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"எனக்கு வந்த நோய், நடந்த பரிசோதனைகள், சிகிச்சை, படங்கள் ஆகியவற்றை மருத்துவ இதழில் வெளியிட எனக்குச் சம்மதம். என் பெயரோ முகவரியோ வராது. ஆனாலும் என்னைத் தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்ள வாய்ப்பு உண்டு என்று சொன்னார்கள். இணையத்தில் வருவதால் உலகில் யாரும் படிக்கலாம். வெளிவரும் வரை எப்போது வேண்டுமானாலும் நான் மறுக்கலாம். வந்த பிறகு திரும்பப் பெற முடியாது. மறுத்தாலும் என் சிகிச்சை மாறாது. இதற்காகப் பணம் எதுவும் கிடைக்காது."

படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, கைநாட்டோடு, சிகிச்சைக் குழுவில் இல்லாத சாட்சி ஒருவரின் கையெழுத்தும் வாங்குங்கள். குழந்தை என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு, புரிந்துகொள்ளும் வயதுக் குழந்தையின் சம்மதத்தையும் கேளுங்கள். நோயாளி இறந்திருந்தால் நெருங்கிய உறவினரிடம் கேட்க வேண்டும், துக்கம் நடக்கும் நாளில் அல்ல. பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் போன்ற இதழ்கள் தங்கள் சொந்தப் படிவத்தையே கேட்கும் என்பதால், எங்கே அனுப்பப் போகிறோம் என்று முன்பே யோசித்து அந்தப் படிவத்திலும் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. ஒரே நோயாளி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விதிவிலக்கு என்றாலும் அதைக் கடிதமாக வாங்குங்கள். பல நோயாளிகளைத் தொகுத்து எழுதும்போது அனுமதி இல்லாமல் தொடங்காதீர்கள்.

அடையாளம் மறைக்கும்போது ஊர், தேதி, ஐ.பி. (உள்நோயாளி) எண் மூன்றும் போக வேண்டும். தொழில், அது நோயோடு தொடர்புடையதாக இருந்தால் மட்டும் இருக்கட்டும்; செங்காந்தள் பயிரிடும் விவசாயி என்றால் இருக்கத்தான் வேண்டும். அடையாளம் தெரியாமலிருக்க ஆணைப் பெண்ணாகவோ 34-ஐ 50-ஆகவோ மாற்றுவது தவறு. விட்டுவிடலாம், மாற்றக் கூடாது.

படங்கள்

கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை போட்டால் முகம் மறைந்துவிடாது. இதழ்கள் அதை ஏற்பதும் இல்லை. பாதித்த இடத்தை மட்டும், ஒரே நிறத் துணிமேல், பகல் வெளிச்சத்தில், அளவுகோலோடு எடுங்கள். சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எடுப்பவை ஒரே கோணத்தில், ஒரே தூரத்தில் இருக்கட்டும். வார்டு வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய படத்தை எடுத்துப் போடாதீர்கள்: தரம் சுருங்கியிருக்கும், நோயாளியின் அந்தரங்கமும் அங்கேயே கசிந்திருக்கும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. சி.டி. படத்தின் மூலையில் இருக்கும் பெயரைப் பவர்பாயின்ட்டில் வெட்டிவிட்டால் போய்விட்டது என்று நினைப்பார்கள். வெட்டிய பகுதி கோப்புக்குள் அப்படியே இருக்கும், திறப்பவர் மீட்டுவிடலாம். பெயர்மேல் ஒட்டிய கறுப்புக் கட்டமும் அப்படித்தான், நகர்த்தினால் கீழே பெயர் இருக்கும். ஸ்கேன் கருவியிலேயே பெயர் நீக்கி ஏற்றுமதி செய்யுங்கள். முடியாவிட்டால் வெட்டியதைப் புதிய படக் கோப்பாகச் சேமித்து அதை மட்டும் அனுப்புங்கள். நுண்ணோக்கிப் படத்துக்கு என்ன சாயம், எத்தனை மடங்கு பெரிதாக்கம் என்பது கட்டாயம்.

எழுதும் வரிசை

அச்சில் வரும் வரிசையில் எழுதாதீர்கள். முதலில் அட்டவணை, அதிலிருந்து நோயாளி விவரம், பிறகு படக்குறிப்பு, விவாதம், முன்னுரை, சுருக்கம், கடைசியில் தலைப்பு. கேஸ் ரிப்போர்ட் எழுதுவதற்கென்று 2013-இல் வந்த கேர் (CARE) வழிகாட்டியின் 13 அம்சப் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். நோயறிதலோடு "கேஸ் ரிப்போர்ட்" என்ற சொல்லும் தலைப்பில் வர வேண்டும் என்பது முதல் அம்சம். நோயாளியின் சொந்தப் பார்வையைச் சேர்ப்பது அதில் பலர் தாண்டிப் போகும் அம்சம். இரண்டு வரி போதும், ஆனால் அவர் சொன்ன இரண்டு வரியாக இருக்க வேண்டும்.

விவாதத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். கோல்கிசின் பற்றிப் பாடநூலில் உள்ளதை இரண்டு பக்கம் நிரப்புவதில் பயனில்லை. வேறு எந்த நோய்களை யோசித்தீர்கள், எந்தப் பரிசோதனை எதை விலக்கியது என்று சொல்லுங்கள். நம் நோயாளியில் டெங்கு, கிருமித்தொற்று, பி12 குறைபாடு, வேறு மருந்துகள் என நான்கையும் விலக்கிக் காட்ட வேண்டும். செய்ய முடியாத பரிசோதனையை மறைக்காமல் எழுதுங்கள். இதழுக்காகக் கட்டுரையைப் பரிசீலிக்கும் மதிப்பாய்வாளர் எப்படியும் கேட்பார். முன்பு வந்த நோயாளிகளோடு ஒப்பிட ஒரு சிறு அட்டவணை, பத்துப் பத்தியைவிட மேல்.

மருந்தின் பக்கவிளைவைப் பற்றிய ரிப்போர்ட் என்றால், மருந்துதான் காரணமா என்று மதிப்பிடும் நரான்ஜோ அளவுகோலின் பத்துக் கேள்விகளுக்கும் மதிப்பெண் போடுங்கள்: 9-உம் அதற்கு மேலும் உறுதி, 5 முதல் 8 வரை பெரும்பாலும் இருக்கலாம், 1 முதல் 4 வரை இருக்கக்கூடும். அந்தப் பக்கவிளைவை உங்கள் கல்லூரியின் மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்பு மையத்துக்கோ 1800-180-3024 என்ற இலவச எண்ணுக்கோ உடனே தெரிவியுங்கள். கட்டுரை வரும் வரை காத்திருக்கக் கூடாது.

யார் பெயர் போடுவது? கருத்திலோ தகவலிலோ பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு ஆகிய நான்கும் உள்ளவர்தான் கட்டுரையாசிரியர். யூனிட் தலைவர் என்பதற்காக மட்டும் ஒரு பெயர் சேர்வதும், கிழங்கைப் பற்றிக் கேட்டுக் கண்டுபிடித்த ஹவுஸ் சர்ஜனுக்கு எழுதவும் வாய்ப்புத் தராமல் பெயரை விடுவதும் ஒரே அநியாயத்தின் இரண்டு பக்கம்.

அனுப்புவது

பணம் கட்டினால் மூன்றே நாளில் ஏற்பு என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களை ஒதுக்குங்கள். பப்மெட்டிலோ டி.ஓ.ஏ.ஜே. என்ற திறந்த அணுகல் இதழ்களின் பட்டியலிலோ இருக்கிறதா என்று இதழின் சொந்த வாக்கை நம்பாமல் அந்தத் தளத்துக்கே போய்ப் பாருங்கள். சொல் எண்ணிக்கை, படங்களின் எண்ணிக்கை, கட்டணம் மூன்றையும் எழுதத் தொடங்கும் முன்பே அறிந்துகொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது. மொழியைச் சீராக்க ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்தினால் அதைக் கட்டுரையில் சொல்ல வேண்டும். நோயாளி விவரங்களை அதில் ஒட்டவே கூடாது.

மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு கேள்வியையும் எண்ணிட்டு, அதன் கீழே பதிலையும், எந்தப் பக்கம் எந்த வரியில் மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஏற்க முடியாத கேள்விக்கு ஆதாரத்தோடு மறுப்பு எழுதலாம். பதில் சொல்லாமல் தாண்டினால் திரும்ப வரும். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் அசலை, இதழ் கேட்டால் ஒழிய அனுப்பாமல், துறையில் பூட்டி வையுங்கள். அதில்தான் நோயாளியின் பெயர் இருக்கிறது.